மலைமேல் பழி போடாதீர்கள்

ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரில் காற்றின் தரம் பற்றிப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. உறுப்பு நாடுகள் 2030 ஜனவரி 1-க்குள் புதிய அளவுகளுக்குள் வந்தாக வேண்டும். நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும் நுண்துகள், ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று இருந்தது, இனி 10. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு 40 வரை இருக்கலாம் என்று இருந்தது, இனி 20. நல்ல காரியம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 5, 10 என்ற அளவுகளுக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்றாலும், நல்ல காரியம்தான்.

ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க எழுத்தனாகக் காலம் தள்ளியவன் எந்த ஆணை வந்தாலும் முதலில் தேடிப் படிப்பது விலக்குப் பிரிவைத்தான். ஆணை என்ன சொல்கிறது என்பது முதல் பக்கத்தில் இருக்கும். அது நடக்குமா நடக்காதா என்பது விலக்குப் பிரிவில்தான் இருக்கும். இந்தச் சட்டத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஓர் ஊரின் மலையமைப்பு, காற்று கலையும் விதம், பாதகமான தட்பவெப்பம், அண்டை நாட்டிலிருந்து வரும் புகை ஆகிய காரணங்களால் முடியவில்லை என்றால், ஒரு திட்டத்தைத் தயாரித்துக் காட்டி 2040 ஜனவரி வரை தவணை வாங்கிக்கொள்ளலாம். நிபந்தனைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தவணை தவணைதான். இது புதிதும் அல்ல. 2008-ஆம் வருஷச் சட்டத்திலும் இதே காரணங்களைச் சொல்லி, தூசிக்கான அளவை 2011 ஜூன் வரை தள்ளிப்போட வழி வைத்திருந்தார்கள்.

அதாவது, மலை குற்றவாளி. வெயில் உடந்தை. நாம் சாட்சி. இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறேன்.

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு உனக்கு ஏனய்யா ஐரோப்பாக் காற்று என்று கேட்பீர்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். காவிரியின் கிளைகளைச் சரியாகச் சொல்லத் தெரியாத வயதிலேயே ரோன் நதி எங்கே பிறந்து எந்தக் கடலில் விழுகிறது என்று ஒப்பித்தவன். எங்கள் காலத்தில் இந்த ஊரில் பல வீடுகளுக்கு மர்சேய் துறைமுகம் என்பது சொந்தக்காரர் வீட்டு வாசல் மாதிரி. (ஆங்கிலம் படித்தவர்கள் மார்செயில்ஸ் என்பார்கள். எங்கள் வாத்தியார் காதில் விழுந்திருந்தால் பிரம்பு வந்திருக்கும்.) என் தங்கை மகன் அங்கேதான் குடும்பத்தோடு இருக்கிறான். ஒரு கோடை, ஒரு குளிர்காலம் என்று இரண்டு முறை போய்த் தங்கியிருக்கிறேன். ஆகவே அந்த ஊரை வைத்தே பேசுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. மர்சேய் மேற்கே கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள். வடக்கே லெஸ்தாக், எத்துவால் வரிசை. கிழக்கே கர்லபான், 700 மீட்டருக்குமேல். தெற்கே மர்சேய்வேர், கலாங்க் பாறைகள். ஒரு தாம்பாளத்தின் ஒரு பக்க விளிம்பைத் தட்டி விட்டது போல இருக்கும். வருஷத்துக்குச் சுமார் 2800 மணி நேரம் வெயில். கோடையில் மழை என்பதே அபூர்வம். வடமேற்கே பேர் ஏரி, அதன் கரையிலும் ஃபோஸ் துறைமுகத்திலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், இரும்பாலை, ரசாயன ஆலைகள். ஏரிக்கரையில் 1930-களிலேயே ஆலைகள் வந்துவிட்டன. ஃபோஸ் 1960-களின் கடைசியில் திட்டம் போட்டுக் கட்டியது. யாரும் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. மலையும் வெயிலும் இருப்பது தெரிந்துதான் கட்டினார்கள்.

இனி காற்று. ரோன் பள்ளத்தாக்கு வழியாக, ஒரு பக்கம் ஆல்ப்ஸ், மறு பக்கம் மத்திய மலைத்தொகுதி என்று இரண்டுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு வடக்கிலிருந்து இறங்குவது மிஸ்திரால். குளிர்ந்த, வறண்ட காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் நாள்களும் உண்டு. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பலம் அதிகம். அது அடித்து ஓய்ந்த மறுநாள் வானத்தைப் பார்க்க வேண்டும். கடலில் இருக்கும் தீவுகளின் பாறையை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

மர்சேய்க்காரர்களுக்கு இதில் பெருமை உண்டு. தங்கை மகன் குடியிருக்கும் கட்டடத்தில் என்னைப் போலவே ஓய்வுபெற்ற முசியே ஒருவர். படிக்கட்டில் பார்த்தால் பேச்சுக் கொடுப்பார். "மிஸ்திரால் எங்கள் ஊர்த் துப்புரவுத் தொழிலாளி. சம்பளம் கேட்காது, வேலைநிறுத்தமும் செய்யாது" என்றார். சிரித்துக்கொண்டேன். ஆனால் அது வேலைநிறுத்தம் செய்யும். நான் தங்கிய ஜூலையில் பல நாள் இலைகூட அசையவில்லை. அப்போது அதே முசியே சொன்னது: "என்ன செய்வது, மலை அடைத்துக்கொண்டிருக்கிறதே!"

கவனியுங்கள். காற்று அடித்தால் பெருமை, அடிக்காவிட்டால் சாக்கு. இரண்டிலும் மனிதனுக்கு வேலையே இல்லை. அந்தப் பெரியவரைக் குறை சொல்லவில்லை, அவர் படிக்கட்டில் பேசினார். அதையே சட்டத்தில் எழுதிவைத்தவர்களைத்தான் கேட்கிறேன்.

துப்புரவுத் தொழிலாளி என்கிறார்களே, அந்தக் குப்பை எங்கே போகிறது? கடலுக்குமேல் போகிறது. காற்று மிதமாக இருந்தால் ஃபோஸ், பேர் பக்கத்துப் புகை மர்சேய் வழியாகவே தென்கிழக்கே நகர்கிறது. ஒரு வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவதற்குப் பெயர் துப்புரவு அல்ல.

கோடைக் கதை இன்னும் மோசம். நம் ஊரில் மத்தியானத்துக்குமேல் கடற்காற்று வந்தால் அப்பாடா என்று வாசலில் நாற்காலி போடுவோம். அங்கேயும் அதே கடற்காற்றுதான். நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகச் சூடாகிறது, பகலில் கடலிலிருந்து நிலத்துக்குக் காற்று வருகிறது. ஆனால் வழியில் என்ன இருக்கிறது? துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள், நெடுஞ்சாலைகள், ஃபோஸ் ஆலைகள். அவை விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், எண்ணெய் ஆவிகளும் வெயிலில் கிடந்து வேகும்போது ஓசோன் உண்டாகிறது. வானத்து உயரத்தில் இருந்தால் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூக்குக்கு நேரே இருந்தால் நெஞ்சைப் பிடிக்கும். கடற்காற்று இதைத் தள்ளிக்கொண்டு எக்ஸ் பக்கமும் துரான்ஸ் பள்ளத்தாக்குப் பக்கமும் ஏறுகிறது. இரவில் நிலக்காற்று திரும்பும்போது மிச்சத்தைக் கடலுக்குமேல் கொண்டுபோய் வைக்கிறது. மறுநாள் காலை அது மறுபடி கரைக்கு வருகிறது. நாலு நாள் இப்படியே இருந்தால் பழைய சோற்றோடு புதுச் சோறும் சேர்ந்துகொண்டே போகும்.

இதில் ஒரு வேடிக்கை. நகரத்தின் நடுவே, வண்டிப் புகை அதிகமான தெருவில், ஓசோன் குறைவாக இருக்கும். புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடுகிறது. கார் குறைவாக ஓடும் மலையடிவார கிராமத்தில்தான் அளவு ஏறுகிறது. லாவண்டர் வயலுக்கும் ஆலிவ் தோப்புக்கும் நடுவே குடியிருப்பவன் இருமுகிறான். மணிக் கணக்கில் 180 மைக்ரோகிராமைத் தாண்டினால் மக்களுக்கு அறிவிப்பு, 240-ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்று விதி. குழந்தைகளும் வயதானவர்களும் பிற்பகலில் வெளியே போகாதீர்கள் என்பார்கள். புகை விட்டவன் வெளியே, மூச்சு விடுபவன் உள்ளே!

இதற்கும் ஒரு சாக்கு வைத்திருக்கிறார்கள். பைன் மரமும் ஓக் மரமும்கூட ஆவிகளை விடுகின்றன, வெயிலில் அவையும் ஓசோன் ஆகின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் மரத்தின் ஆவி தனியாக இருந்து இந்த அளவுக்கு ஓசோன் செய்யாது. அதற்கு நைட்ரஜன் ஆக்சைடு வேண்டும். அது எஞ்சினிலிருந்தும் உலையிலிருந்தும் வருகிறது. பைன் மரம் கிரேக்கர்கள் கப்பலில் வந்து இறங்கிய காலத்துக்கு முன்பிருந்தே அங்கே நிற்கிறது. பின்னால் வந்தவன் யார்?

குளிர்காலத்தில் வேறு கதை. காற்று ஓய்ந்து வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே இளஞ்சூட்டுக் காற்று என்று அடுக்குத் தலைகீழாகிவிடும். பானைமேல் மூடி போட்டது போல விறகடுப்புப் புகையும் டீசல் புகையும் தாழவே தங்கும். ஓசோன் இருக்காது, நுண்துகள் இருக்கும். எப்போதாவது தெற்கிலிருந்து சகாராப் பாலைவனத் தூசியும் வரும். காரின்மேல் காவி பூசியது போல ஆகிவிடும். அந்த இயற்கைத் தூசியைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள 2008 சட்டத்திலேயே இடம் உண்டு. அது நியாயம். சகாராவுக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

ஆகவே புவியியல் பொய் என்று நான் சொல்லவில்லை. அட்லாண்டிக் கரையில் இருக்கும் பிரெஸ்த் நகரில் விடுகிற அதே புகை, மர்சேயில் அதிகக் கெடுதல் செய்யும். இதுவரை எதிர்த்தரப்பும் நானும் ஒன்றுதான். அதிலிருந்து அவர்கள் போகும் வழிதான் தப்பு. கெடுதல் அதிகம், ஆகவே கூடுதல் தவணை கொடு என்கிறார்கள். கெடுதல் அதிகம், ஆகவே புகையைக் குறை என்றல்லவா முடிய வேண்டும்? ஜன்னல் இல்லாத அடுப்படியில் எந்த அம்மாவாவது ஈர விறகை வைத்து ஊதுவாளா? "சமையலறையின் அமைப்பு அப்படி" என்று சொல்லிவிட்டுப் பத்து வருஷம் இருமிக்கொண்டிருப்பாளா?

பிரெஞ்சுச் சட்டத்தில் 'ஃபோர்ஸ் மஜோர்' என்று ஒரு சொல் உண்டு. தமிழில் தெய்வச் செயல் என்போம். கடமையைச் செய்யாதவன் இதைச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பழைய பாடத்தில் அதற்கு மூன்று நிபந்தனை படித்திருக்கிறேன்: காரணம் உனக்கு வெளியே இருக்க வேண்டும், நீ முன்கூட்டி அறிந்திருக்க முடியாததாக இருக்க வேண்டும், தடுக்க முடியாததாக இருக்க வேண்டும். மூன்றும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் செல்லாது. ஜூலை மாதம் வெயில் வரும் என்பது முன்கூட்டி அறிய முடியாததா? எத்துவால் மலை நேற்று ராத்திரி முளைத்ததா? கடற்காற்று எப்படிச் சுழல்கிறது, எந்த மணிக்கு எங்கே ஓசோன் ஏறும் என்பதை அளப்பதற்கென்றே 2001 ஜூன், ஜூலையில் மர்சேய், பேர் வட்டாரத்தில் எஸ்கோம்த் என்ற பெரிய ஆய்வு நடந்தது. விமானம், பலூன், ரேடார் எல்லாம் வைத்து அளந்தார்கள். அதற்குப் பிறகும் 'பாதகமான தட்பவெப்பம்' என்று எழுதினால் அது விளக்கம் அல்ல, வழக்கம்.

இந்த வழக்கம் எனக்குப் பழக்கமானது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பதிவறைக் கூரை ஒழுகும். ஒவ்வொரு ஐப்பசியிலும் கோப்புகள் நனையும். ஒவ்வொரு வருஷமும் மேலே ஒரு குறிப்பு போகும்: 'எதிர்பாராத கனமழையால் ஆவணங்கள் சேதமடைந்தன.' வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வருவது எங்கள் வீட்டு மாட்டுக்குத் தெரியும். அலுவலகத்துக்கு மட்டும் அது வருஷா வருஷம் எதிர்பாராததாக இருந்தது. மழையைக் காரணம் காட்டும்வரை கூரைக்கு யாரும் பொறுப்பில்லை. அதுதான் அந்தச் சொல்லின் பயன்.

மலை இருந்த இடத்தில் இருக்கும்போதே என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோலில் ஈயம் கலப்பது பிரான்சில் 2000 ஜனவரியோடு நின்றது. காற்றில் ஈயம் போய்விட்டது. எந்த மலையும் நகர்ந்து வழி விடவில்லை. பேர் ஏரிப் பக்கம் ஒரு காலத்தில் கந்தகப் புகைதான் பெரிய தொல்லை. எரிபொருளில் கந்தகத்தைக் குறைத்தார்கள். காற்றுச் சரியில்லாத நாளில் ஆலைகள் கந்தகம் குறைந்த எரிபொருளுக்கு மாற வேண்டும் என்றும் வைத்தார்கள். அளவு வெகுவாக இறங்கியது. புவியியலை மதிப்பது என்றால் இதுதான்: காற்று ஓய்ந்தால் உலையைக் குறை. சாக்காக இருந்ததை விதியாக ஆக்கினார்கள், வேலை நடந்தது.

கப்பல் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆத்திரம். வட கடலிலும் பால்டிக் கடலிலும் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.1 சதவீதத்துக்குமேல் கூடாது என்ற விதி 2015 ஜனவரியில் வந்துவிட்டது. மத்தியதரைக் கடலுக்கு அது வந்தது 2025 மே 1-இல். பத்து வருஷம்! 2019 முடிய பொதுவான உலக அளவு 3.5 சதவீதம், அதன்பின் 0.5. வடக்கே மேகமும் காற்றும் மழையும் அடிக்கடி கழுவிவிடும் கடல். தெற்கே வெயிலில் கொதிக்கும், நிலம் சூழ்ந்த கடல். புவியியலை உண்மையாகவே பார்த்திருந்தால் எந்தக் கடலுக்கு முதலில் விதி வந்திருக்க வேண்டும்? தவணை கேட்கும்போது நினைவுக்கு வருகிற புவியியல், கடமை வரும்போது மறந்துபோகிறது.

மர்சேயில் பயணக் கப்பல்கள் நிற்பது ஊருக்கு வெளியே அல்ல. வடக்குத் துறைமுகத்துக்கு நேர் மேலே குடியிருப்புகள். செசான் ஓவியம் வரைந்த லெஸ்தாக் அங்கேதான். மேற்கிலிருந்து காற்று வந்தால் புகை நேராக ஏறி ஜன்னலுக்குள் போகிறது. கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் நிற்கிற கப்பல் எஞ்சினை ஓட்ட வேண்டியதில்லை. கோர்சிகா போகும் சில கப்பல்களுக்கு 2017 முதல் அப்படிக் கொடுக்கிறார்கள். ஆகவே முடியாத காரியம் அல்ல. செலவுள்ள காரியம், அவ்வளவுதான்.

தங்கை மகன் சொன்ன ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். "மாமா, காத்து கெட்டுப்போச்சுன்னா முதல்ல பழைய கார் வச்சிருக்கவனைத்தான் தடுக்குறாங்க. அவன் பஸ்ஸுல போகலாம்னா பஸ் எங்க இருக்கு?" நியாயமான கேள்வி. எட்டரை லட்சம் பேருக்குமேல் இருக்கும் ஊரில் மெட்ரோ இரண்டே தடம். முதலாவது 1977, இரண்டாவது 1984. மூன்றாவது இன்னும் வரவில்லை. இதைத் தீர்மானித்தது கர்லபான் மலையா? வடக்குப் பேட்டைகளில் ஏழைகள் அதிகம். துறைமுகப் புகையும் அவர்களுக்கு, நெடுஞ்சாலைப் புகையும் அவர்களுக்கு, அபராதமும் அவர்களுக்கு என்றால் அதற்குப் பெயர் தட்பவெப்பம் அல்ல.

நீதிமன்றங்களுக்கு இது விளங்கியிருக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு அளவை 2010 முதல் விடாமல் மீறியதற்காக 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்சைக் குற்றவாளி என்றது. பட்டியலில் மர்சேயும் உண்டு. பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் சொந்த அரசாங்கத்துக்கே 1 கோடி யூரோ அபராதம் போட்டது. அந்தப் பணம் வழக்குப் போட்ட அமைப்புகளுக்குக் கொஞ்சமும், பெரும்பகுதி அரசு சார்ந்த நிறுவனங்களுக்குமாகப் பிரிந்தது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றிய கணக்கு! எழுத்தனாக இருந்தவனுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் பிரான்சின் பொது சுகாதார நிறுவனம் நுண்துகளால் மட்டும் நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 40,000 பேர் அகாலமாகப் போகிறார்கள் என்று கணக்குச் சொல்கிறது. அதை ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்ற முடியாது.

என் கட்சி இதுதான். மலையும் வெயிலும் உள்ள ஊருக்குத் தவணைப் பிரிவு கூடாது. அதற்குப் பதிலாக அங்கே கடுமையான பிரிவு வேண்டும். காற்று கலையாத ஊரில் புதிய ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போது காற்று ஓய்ந்த ஜூலை நாளைக் கணக்கில் வைத்துக் கொடுங்கள். மிஸ்திரால் அடிக்கும் நாளை வைத்து வேண்டாம். கப்பல் வந்து நிற்க வேண்டுமா, கரை மின்சாரத்தில் செருகிக்கொண்டு நிற்கட்டும். பழைய காரைத் தடுப்பதற்கு முன்னால் பஸ்ஸை விடுங்கள். எச்சரிக்கை நாளில் கிழவனையும் குழந்தையையும் வீட்டுக்குள் போகச் சொல்வதற்கு முன்னால், உலையைக் குறைக்கச் சொல்லி ஆலைக்கு ஆள் அனுப்புங்கள்.

எத்துவால் மலை 2040-லும் அதே இடத்தில்தான் நிற்கும். ஜூலையும் வரும். அப்போது எந்தத் தேதிவரை தவணை கேட்பார்கள்?